எங்கூரு வண்டியில எங்களுக்கு எடமில்லீங்களா? மலை ரயிலை நடத்துற அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலை ரயிலை நடத்துற ரயில்வே அதிகாரிங்களுக்கு,

மேட்டுப்பாளையத்துல இருந்து காலைல 7.10-க்கு ஊட்டிக்குக் கிளம்புற நீராவி வண்டியில மேட்டுப்பாளையத்துக்காரங்க ஏற முடியறதில்லீங்க. அதைச் சொல்லத்தான் இது. கவுண்டர்ல கேட்டா ஆன்லைன்ல பாருங்கங்கறாங்க, ஆன்லைன்ல பாத்தா ரிசர்வேஷன் திறந்த கொஞ்ச நேரத்துலயே வெயிட்டிங் லிஸ்ட் ஓடுது, மனு எழுதிக் குடுத்தா வாங்கி வச்சுக்கறாங்க, சீல் கூட வச்சுத் தர்றாங்க, அதோட சரி, அப்புறம் ஒரு பேச்சும் இல்ல. தனியா எழுதற மனுவுக்கு பதில் வராதுன்னு தெரிஞ்சு போச்சு, அதனாலதான் நாலு பேர் பாக்கற மாதிரி எழுதறனுங்க.

நான் இங்க காய்கறி மண்டியில கணக்கு எழுதறவ. ஊட்டியில இருந்து உருளைக்கிழங்கும் கேரட்டும் இறங்கறதும் அது கேரளாவுக்கும் மெட்ராசுக்கும் லோடு ஏறிப் போறதும்தான் என்ற பொழப்பு. ஆனா என்ற அப்புச்சி, அம்மாவப் பெத்தவரு, மலை ரயில்ல பிரேக்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அந்த வேலைன்னா என்னன்னு ஏசி ரூம்ல இருக்கறவங்களுக்கு மறந்துருக்கும், ஞாபகப்படுத்தறன். மலையடிவாரத்துல இருக்கற கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சின் பெட்டிக்கு முன்னால இருக்காது, பின்னாலதான், கீழ்ப்பக்கமா நின்னு மொத்த வண்டியையும் தள்ளிக்கிட்டு ஏறும். அப்ப டிரைவருக்கு முன்னால என்ன இருக்குன்னே தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால ஒரு சின்ன பிளாட்பாரம், அதுல ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பாரு, முன்பெட்டியில நிக்கறவரு பாதையப் பாத்து பச்சைக் கொடியோ செவப்புக் கொடியோ காட்டுவாரு, அதைப் பாத்து அடுத்தவரு, அவரைப் பாத்து அடுத்தவரு, அப்படியே டிரைவர் வரைக்கும் சேதி போகும். அந்த முன்பெட்டி ஆளோட கண்ணுலதான் ஒட்டுமொத்த வண்டியோட உசுரும் இருக்குது. மழையில பாறை உருண்டு கிடக்கும், மரம் சாஞ்சு கிடக்கும், யானை நிக்கும், எதுவா இருந்தாலும் முதல்ல பாக்கறது அவருதான். என்ற அப்புச்சிக்கு இன்னும் வலது உள்ளங்கையில, சுண்டுவிரலுக்குக் கீழ, பிரேக் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் காச்சுப்போன எடம் கல்லு மாதிரி இருக்குது. சோறு பிசையறப்போ அந்த எடத்துல சூடே தெரியாதும்பாரு.

அவருக்கு எண்பத்தஞ்சு தாண்டிருச்சு. ஒரே ஒரு ஆசைதானுங்க, இன்னொருக்கா கல்லாறுல பல்சக்கரம் கடிக்கறதைக் கேக்கணுமாம். வண்டி கல்லாறு தாண்டறப்போ ஆள் நடக்கற வேகத்துக்குக் கொறஞ்சு, எஞ்சினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவால இருக்கற பல்லுல போய் உக்காரும், அப்ப ஒரு குலுக்கல், அதுக்கப்புறம் சத்தமே வேற. கண்ண மூடிட்டு இருந்தாலும் எங்க இருக்கோம்னு சொல்லிருவேன்னு பெருமையாச் சொல்லுவாரு. சரி, கூட்டிட்டுப் போலாம்னு நானும் என்ற மாமா பையனும் டிக்கெட்டுக்கு அலைஞ்சோம். சீசன்ல இல்லைன்னா சரிங்கலாம், சீசன் முடிஞ்சும் இல்ல. வேலை பாத்தவங்களுக்கு ஏதாச்சும் வழி இருக்கான்னு கேட்டா, பாஸ் இருந்தாலும் சீட்டு இருந்தாத்தானம்மா உக்கார முடியும்னாரு கவுண்டர்ல இருந்தவரு. அவரு மேல கோபமில்லீங்க, அவரு கையில இருக்கறது அவ்வளவுதான். ஆனா அதே மூச்சுல, லீவுக்கு ஸ்பெஷல் விடறாங்க, அதுல வேணா பாருங்க, ரேட்டு மட்டும் எச்சுன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. எஞ்சின் இருக்குது, பெட்டி இருக்குது, ஓட்ட ஆள் இருக்குது, காசு மட்டும் எச்சாக் குடுத்தா எடமும் இருக்குது. அப்ப இல்லாதது எது?

அன்ரிசர்வ்டுல போங்களேன்னு சொல்லுவீங்க. ஒருக்கா வெள்ளென எங்கூரு ஸ்டேஷனுக்கு வந்து பாருங்க. முன்ன ராத்திரியே பெட்ஷீட்ட விரிச்சுப் படுத்திருக்காங்க ஜனங்க. இருக்கற நாலஞ்சு பெட்டியில அன்ரிசர்வ்டுக்கு ஒதுக்கறது கொஞ்சூண்டு எடம், அதுக்குத்தான் அத்தனை வரிசை. கைக்குழந்தையோட வந்த ஒரு பொண்ணு, காரமடைக்காரி, வரிசையில முன்னால நின்னும் அவளுக்கு ரெண்டு பேர் முன்னாடியே டிக்கெட் தீந்து போச்சு, அவ யாரையும் திட்டல, புள்ளைய இடுப்புல மாத்தி வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போயிட்டா. ஆறு மணி சுமாருக்கு சென்னையில இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நிக்கும், அதுல ரிசர்வ் பண்ணி வர்றவங்க அப்படியே நடந்து வந்து மலை ரயில்ல ஏறுவாங்க. ஏறட்டுமுங்க, எங்க ஊருக்கு ஒறம்பர வர்றது எங்களுக்கும் சந்தோஷந்தான், அவங்களாலதான் இங்க டீக்கடைக்காரருக்கும் டாக்ஸிக்காரருக்கும் பொழப்பு ஓடுது. ஆனா ஒறம்பரைக்கு இலை போட்டுட்டு ஊட்டுக்காரங்கள வாசல்லயே நிறுத்தறது எந்த ஊர் வழக்கமுங்க?

வெலையப் பத்தியும் சொல்லியாகணும். 2018-ல ஒரே அடியா டிக்கெட் வெலைய பல மடங்கு ஏத்துனீங்க. அதுக்கு முன்னால ரொம்ப வருஷமா ஏத்தலைங்கறது வாஸ்தவந்தான், ஒத்துக்கறேன், ஆனா கூலி வேலைக்குப் போறவங்க புள்ளைங்க ரெண்டைக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமை ஒருக்கா குன்னூர் போய்ட்டு வர்றதுங்கறது அன்னைக்கோட நின்னு போச்சு. அப்புறம் 2020 டிசம்பர்ல, கொரோனாவுல சாதாரண வண்டி ஓடாம இருந்தப்போ, ஒரு தனியார் கம்பெனிக்கு சார்ட்டருக்குக் குடுத்து 3000 ரூபா டிக்கெட்டுன்னு ஊரே பேசுச்சு, பேப்பர்ல டிவில எல்லாம் வந்துச்சு, அரசியல் கட்சிக்காரங்க கேள்வி கேட்டாங்க. ரயில வித்துப்புடல, வாடகைக்குத்தான் குடுத்தோம்னு வெளக்கம் சொன்னீங்க. கல்யாணத்துக்கு மண்டபம் குடுக்கற மாதிரி வண்டியக் குடுக்கற ஏற்பாடு முன்னாலயே இருக்குதுங்கறதும் எங்களுக்குத் தெரியாம இல்ல. நாங்க கேக்கறது அது இல்லீங்க. சாதாரண ஜனம் போற வண்டி ஓடாத நேரத்துல காசு குடுக்கறவனுக்கு மட்டும் வண்டி ஓடுச்சு பாருங்க, அதைத்தான் இந்த ஊரு இன்னும் மறக்கல.

இது நஷ்டத்துல ஓடுற லைன், தெரியுமான்னு கேப்பீங்க. தெரியுமுங்க, நல்லாவே தெரியும். கணக்கு எழுதறவ நானு. அம்பது கிலோமீட்டர் கூட இல்லாத பாதை, அதுல 16 குகை, 250 பாலம், 208 வளைவு, வருஷா வருஷம் மழைக்கு மண்ணு சரியும், தண்டவாளத்த சுரண்டி எடுக்கணும், எஞ்சினுக்கு ஒரு ஸ்பேர் வேணும்னா கடையில கெடைக்காது, செஞ்சாகணும். டிக்கெட் காசுல இது எப்பவும் கட்டாது, மூணு மடங்கு ஏத்துனாலும் கட்டாது, பத்து மடங்கு ஏத்துனாலும் கட்டாது. அப்படி இருக்கறப்போ எங்கூரு கூலிக்காரன் குடுக்கற காசு அந்த நஷ்டத்துல எந்த மூலைக்கு? அதைக் கொறைச்சா பள்ளம் எவ்வளவு ஆழமாகும்? அந்தக் கணக்க ஒருக்கா வெளிய போடுங்க பாக்கலாம். ஸ்பெஷல்ல வந்தது எவ்வளவு, சார்ட்டர்ல வந்தது எவ்வளவு, அது இந்த லைனுக்கே திரும்ப வந்துச்சா இல்ல பொதுக் கணக்குல கரைஞ்சு போச்சா. எங்க மண்டியில ஒரு மூட்டைக்கு கமிஷன் எவ்வளவு, கூலி எவ்வளவு, விவசாயி கைக்கு எவ்வளவுன்னு சீட்டுல எழுதிக் குடுத்தாகணும், இல்லைன்னா அடுத்த நாள் அவரு வேற மண்டிக்குப் போயிருவாரு. எங்களுக்கு போறதுக்கு வேற மலை ரயில் இல்லீங்க, அதுதான் உங்களுக்கு வசதியாப் போச்சு.

இன்னொன்னு. இந்த வண்டியச் சுத்தி போர்டு போர்டா "பாரம்பரியம்"னு எழுதி வச்சிருக்கீங்க. 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, அதுக்கு ஆறு வருஷம் முன்னால டார்ஜிலிங் ரயிலச் சேத்தாங்களே, அதோட தொடர்ச்சியா. அப்புறம் 2008-ல கல்கா–சிம்லாவும் சேந்துச்சு. எதுக்குச் சேத்தாங்கன்னு ஒருக்கா யோசிங்க. மியூசியத்துல நிக்கற வண்டின்னா சேத்துருக்க மாட்டாங்க. மலைமேல இருக்கற ஜனத்தையும் கீழ இருக்கற ஜனத்தையும் ஒரு ரயில் பாதை சேத்துச்சு, அது இன்னமும் ஓடுது, அதனாலதான். இந்தப் பாதைக்கு 1854-லயே திட்டம் போட்டாங்க, 1882-ல பல்சக்கர ரயிலுக்குப் பேர்போன ரிக்கன்பாக்குங்கற சுவிஸ் இஞ்சினியரையே வரவழைச்சுக் காட்டுனாங்க, 1891-ல கவர்னர் வென்லாக் மண்ணு வெட்டித் தொடங்கி வச்சாரு, அந்தக் கம்பெனி திவாலாகிப் போச்சு, வேற கம்பெனி வந்து 1899-ல குன்னூர் வரைக்கும் ஓட வச்சாங்க, ஊட்டி போய்ச் சேர 1908 ஆச்சு. வெள்ளக்காரன் அவன் வசதிக்குப் போட்டதுதான், இல்லைங்கல. ஆனா பாறைய வெட்டுனதும் குகையக் குடைஞ்சதும் மலைக் காய்ச்சல்ல செத்ததும் எந்த ஜனம்னு சொல்ல வேண்டியதில்ல. அதுக்கப்புறம் நூறு வருஷமா கரி அள்ளிப் போட்டது, தண்ணி புடிச்சது, கொடி காட்டுனது எல்லாம் மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர்க்காரங்கதான்.

எஞ்சினப் பத்தி நீங்க செஞ்ச நல்லதையும் சொல்றேன், இல்லைன்னா நாக்கு அழுகிப் போயிரும். எக்ஸ் கிளாஸ் எஞ்சினெல்லாம் சுவிட்சர்லாந்து விண்டர்தூர்ல செஞ்சது, கடைசி செட்டு வந்தே 1952 ஆச்சு. நாலு சிலிண்டரு. ஒரு ஜோடி சாதா சக்கரத்தை ஓட்டும், இன்னொரு ஜோடி பல்சக்கரத்தை ஓட்டும், மேட்டுல ஏறறப்போ முதல் ஜோடியில வேலை பாத்த நீராவி வீணாப் போகாம ரெண்டாவது ஜோடிக்குப் போய் மறுபடி வேலை பாக்கும். பன்னண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர்ங்கற ஏத்தத்துல ஏறணும்னா சும்மாவா. இதையெல்லாம் டீசலுக்கு மாத்திப்புட்டா தீந்துச்சு சோலின்னு விட்டுருக்கலாம், குன்னூருக்கு மேல அப்படித்தான் ஆச்சு, ஆனா கல்லாறு–குன்னூர் பாதையில நீங்க அப்படி விடல. திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புல நம்ம ஆளுங்களே புது நீராவி எஞ்சின் செஞ்சாங்க, மொதல்ல ஆயில்ல ஓடுறது, அப்புறம் 2021-ல கரியில ஓடுறதே செஞ்சு வெளிய விட்டாங்க. இந்தக் காலத்துல ஒரு நாடு புதுசா நீராவி எஞ்சின் செய்யுதுன்னா அது சின்ன விஷயமில்ல, அப்புச்சிகிட்ட போன்ல வீடியோ காட்டுனப்போ ரெண்டு மூணு தடவ போடச் சொல்லிப் பாத்தாரு. "புகை கருப்பா வருது பாரு கண்ணு, தீய இன்னும் சரியாப் பரப்பல"ன்னு குத்தமும் சொன்னாரு.

அவரு சொன்ன அந்தக் குத்தத்துலதான் என்ற கேள்வியே இருக்குது. எஞ்சின் செய்யறதுக்கு பொன்மலை இருக்குது, தீயப் பரப்பறதுக்கு ஆள எங்க செய்யப் போறீங்க? கரிய எந்த மூலைக்கு எத்தனை வீசணும், எந்த வளைவுக்கு முன்னால பிரஷர் ஏத்தி வைக்கணும், ஈரத்துல பல்லு எப்படி சத்தம் போடும், நடுவழியில இருக்கற ஹில்குரோவ் ஸ்டேஷன்ல தண்ணி புடிக்கறதுக்குள்ள எதை எதைத் தொட்டுப் பாக்கணும், இதெல்லாம் புஸ்தகத்துல இல்லீங்க. ரிட்டயரான ஃபயர்மேன், டிரைவர், ஃபிட்டர் பல பேர் இந்தப் பக்கம்தான் இருக்காங்க, வருஷத்துக்கு ஒருத்தரு ரெண்டு பேரு போய்ச் சேந்துட்டும் இருக்காங்க. அவங்க ஒருத்தரு ஊட்டுக் கதவையாவது யாராச்சும் தட்டி, வாங்கய்யா, வந்து பசங்களுக்குச் சொல்லிக் குடுங்கன்னு கூப்பிட்டதா நான் கேள்விப்படல. எங்க அப்புச்சியக் கூப்பிடல, அது மட்டும் நிச்சயமாத் தெரியும்.

மழைக்கால விஷயத்துக்கு வர்றேன். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில பாதை அடைபடும், வண்டி ரத்தாகும், அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. 2009 நவம்பர்ல மலையே சரிஞ்சு வந்தப்போ மாசக்கணக்குல வண்டி நின்னுச்சு, ஊர்ல ஒருத்தரும் உங்களக் குறை சொல்லல, ராத்திரி பகலா மண்ணு அள்ளுன டிராக்மேனுங்களுக்குக் கும்புடு போட்டோம். ஆனா ரத்துங்கற சேதிய சொல்ற விதம் இருக்குதே, அது தப்புங்க. ஒரு நாள் மழை பேஞ்ச மறுநாளு, மண்டியில லோடு இறக்க வந்த ஒரு ஊட்டிக்காரரு மண்ணு விழுந்துருச்சுன்னு விடியறதுக்கு முன்னயே எங்ககிட்டச் சொல்லிட்டாரு, அன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போன எங்க தெருக்காரங்க வண்டி கிளம்பற நேரம் வரைக்கும் புள்ளைங்களோட உக்காந்திருந்தாங்க, அப்புறந்தான் மைக்குல சொன்னாங்க, அதுவும் மொதல்ல இந்தியில. உருளைக்கிழங்கு லாரிக்காரருக்குத் தெரிஞ்சது ரயில் ஸ்டேஷனுக்குத் தெரியாதுங்களா? போர்டுல ஒரு வரி தமிழ்ல எழுதி வைக்க சாக்பீஸ் கூடவா இல்ல?

யானை விஷயத்தையும் விட முடியாது, ஏன்னா அதுலயும் உள்ளூர்க்காரங்கள ஒரு வார்த்தை கேக்கலைங்கறதுதான் சங்கதி. ஹில்குரோவ் பக்கம் தண்டவாள ஓரமா காங்கிரீட் சுவர் எழுப்புனீங்க. 2022 ஜனவரியில குட்டியோட ஒரு யானைக் கூட்டம் தண்டவாளத்துக்கு வந்து, ஏறிப் போக வழியில்லாம அந்தச் சுவத்துகிட்ட தடுமாறுன வீடியோவ நாடே பாத்துச்சு. அதுக்கப்புறம் சுவர் இடிபட்டுச்சு. கட்டுன காசும் போச்சு, இடிச்ச காசும் போச்சு. கல்லாறு பாக்குத் தோப்புல காவலுக்குப் படுக்கற யாரைக் கேட்டிருந்தாலும் யானை எந்த மாசம் எந்த எடத்துல ஏறும், எங்க இறங்கும்னு கையக் காட்டிச் சொல்லியிருப்பாங்க. அப்புச்சியெல்லாம் வண்டியில போறப்போவே, இந்த வளைவு யானைத் தடம், இங்க விசில் குடுத்துட்டு நிதானமாப் போகணும்னு மனசுல மேப் வச்சிருந்தவரு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்புறம் கேக்க வேண்டியதக் கேட்டுடறேன். தண்டவாளத்துல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற பள்ளிக்கூடத்துல படிக்கற புள்ளைங்ககிட்ட மலை ரயில்ல போயிருக்கீங்களான்னு கேட்டுப் பாருங்க. தினமும் காலைல விசில் சத்தம் கேட்டு மணி பாக்கற புள்ளைங்கதான். போயிருக்கோம்னு கை தூக்கறது எத்தனை பேருன்னு நீங்களே எண்ணிக்கோங்க. என்ற பொண்ணு வகுப்புல நான் கேட்டப்போ கை தூக்குன புள்ளைங்க நெம்ப கம்மி. என்ற பொண்ணும் தூக்கல, பிரேக்ஸ்மேனோட கொள்ளுப்பேத்தி அவ.

இனி கேக்கறது இதுதானுங்க.

மொதல்ல, தினப்படி வண்டியில, நான் சொல்றது ஸ்பெஷல்ல இல்ல, 7.10 வண்டியில, மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி தாலுகாக்காரங்களுக்குன்னு ஒரு பங்கு சீட்டு ஒதுக்குங்க. ஆதாரையோ ரேஷன் கார்டையோ காட்டி ஸ்டேஷன் கவுண்டர்ல வாங்கற மாதிரி, முந்தின நாள் சாயங்காலமே குடுத்துருங்க, ராத்திரி பூரா பிளாட்பாரத்துல படுக்க வைக்காதீங்க. அந்த சீட்டெல்லாம் எடுக்க ஆள் வரலைன்னா காலைல எல்லாருக்கும் தொறந்து விடுங்க, நாங்க ஒண்ணும் காலியா ஓட்டச் சொல்லல. இந்த லைன்ல வேலை பாத்து ரிட்டயரானவங்களுக்கு அதுல முன்னுரிமை குடுங்க, வயசு எண்பது தாண்டுனவங்களக் காக்க வைக்க நேரமில்லீங்க.

சனி, ஞாயிறுல மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் மட்டும் ஒரு சின்ன நீராவி வண்டி விட முடியுமான்னு பாருங்க. அது ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆத்தப் பாலத்துல தாண்டுனா தோப்பு வழியா கிட்டத்தட்ட சமவெளி, பல்சக்கர ஏத்தமே கல்லாறு தாண்டித்தான் ஆரம்பிக்குது. மலை ஏத்தத்துக்கு ஆகற செலவும் ஆபத்தும் இதுக்கு இல்ல. குறைஞ்ச டிக்கெட் வச்சாலே ஊர் ஜனம் ரொம்பும், மண்டி லீவு நாள்ல நானே நாலு குடும்பத்தோட வருவேன். ஆகாதுன்னா ஏன் ஆகாதுன்னு உங்க இஞ்சினியருங்க எழுத்துல சொல்லட்டும், படிச்சுப் புரிஞ்சுக்கற அளவுக்கு எங்களுக்கும் அறிவு இருக்குது.

சீசன் இல்லாத மாசத்துல, செவ்வாய், புதன் மாதிரி கூட்டமில்லாத நாளாப் பாத்து, மலையடிவாரத்து அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு ஒரு பெட்டி ஒதுக்குங்க. காசில்லாம விடுங்கன்னு கூடக் கேக்கல. 2018-க்கு முன்னால இருந்த டிக்கெட் வெலைய அவங்களுக்கு மட்டும் போடுங்க, அது போதும்.

குன்னூர் ஷெட்டுல நீராவி வேலை பழக அப்ரென்டிஸ் எடுக்கறப்போ இந்தப் பக்கத்து ஐடிஐ பசங்களையும் கூப்பிடுங்க, அவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ரிட்டயர் ஆளுங்களத் தினக்கூலி மாதிரியாவது ஒரு சம்பளம் குடுத்து வர வைங்க. வர முடியாத வயசுக்காரங்க ஊட்டுக்கு ஒரு ஆளையும் கேமராவையும் அனுப்பி அவங்க சொல்றதைப் பதிவு பண்ணி வைங்க. அப்புச்சிகிட்ட இருந்து தொடங்கறதுன்னா அட்ரஸ் தர்றேன், டீயும் தர்றேன்.

ரத்துன்னா விடியறதுக்கு முன்னால தமிழ்ல போர்டுல எழுதுங்க, டிக்கெட் எடுத்தவங்க போனுக்கும் சேதி அனுப்புங்க. தண்டவாள ஓரத்துல எதைக் கட்டறதுன்னாலும் வனத்துறையக் கேட்டு, கல்லாறு, பர்லியார் சுத்துல இருக்கற ஜனத்தையும் உக்கார வச்சுக் கேட்டுட்டு அப்புறம் கொத்தனாரக் கூப்பிடுங்க. ஸ்பெஷல், சார்ட்டர் வருமானமும் இந்த லைனுக்குச் செஞ்ச செலவும் வருஷத்துக்கு ஒருக்கா வெளிய போடுங்க, ஒரு பக்கம் போதும், கூட்டிக் கழிச்சுப் பாக்கறத நாங்க பாத்துக்கறோம்.

பதில் எனக்குன்னு தனியாத் தபால்ல வேண்டாமுங்க. அடுத்த சீசன் ரிசர்வேஷன் தொறக்கறதுக்கு முன்னால, எது எது செய்வீங்க, எது எது முடியாதுன்னு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் நோட்டீஸ் போர்டுல தமிழ்ல ஒட்டுங்க.

இப்படிக்கு,
மண்டியில கணக்கு எழுதற ஒருத்தி,
மேட்டுப்பாளையம்